குடத்தின் கழுத்தில் காந்தம்

டம்ளரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, டவராவைச் சாய்த்துப் பிடித்து, அதன் அடியில் காந்தத்தை வைத்துக் கையை எடுக்க வேண்டும். காந்தம் வழுக்கி மேசையில் விழ வேண்டும். அதன் பிறகுதான் உமாமகேஸ்வரி காபியை வாயில் வைப்பார். ஒட்டிக்கொண்டால் வீட்டுக்காரர்களைக் கனிவுடன் ஏறிட்டுப் பார்த்து, "பரவால்லங்க, காபி நல்லாத்தான் இருக்கும். டவராதான் கொஞ்ச நாள்ல புள்ளி விழும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் குடிப்பார். பெண் பார்க்கப் போன வீடு, பிள்ளை பெற்ற வீடு என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. துக்க வீட்டில் மட்டும் காந்தத்தை முந்தானைக்குள் மறைத்து வைத்துச் சோதிப்பார். நாகரிகம் தெரிந்தவர்.

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகும் சாலையில், தகரக் கூரையின் கீழ், உலோகத்தைச் சுட்டுப் பதப்படுத்தும் அவருடைய தொழிற்கூடம் இருக்கிறது. 'மகேஸ்வரி வெப்பப் பதனாலயம்' என்று பலகை சொல்கிறது. ஊர் அதை 'சுடுற கடை' என்கிறது. உலோகவியலில் டிப்ளமோ வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குச் சற்று மேலே மாட்டியிருக்கிறார். உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு மின் உலை, குளிக்கிற தொட்டி அளவுக்கு எண்ணெய்த் தொட்டி, ஒரு சாணைக்கல். டிராக்டரில் மாட்டி மண் கிளறும் ரோட்டவேட்டர் கத்திகள் அம்பகரத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும். படகில் வலை இழுக்கும் விஞ்சின் அச்சுகள் மண்டபத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும். வயலும் கடலும் அவர் வாசலில் வரிசையில் நிற்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். சில நாள் நிற்கவும் செய்யும்.

உலகம் எல்லாவற்றையும் 'இரும்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர் தம் குடும்பத்துக்கு இழைத்த அவமதிப்பாகக் கருதுகிறார். கரி, அதாவது கார்பன், துளியூண்டு கலந்தால் ஆணியும் கட்டுக்கம்பியும். கொஞ்சம் கூடினால் அச்சும் பல்சக்கரமும். இன்னும் கூடினால் அரமும் உளியும். மாங்கனீசு, குரோமியம், நிக்கல் என்று வெளி உறவுகள் வந்து சேர்ந்தால் கலப்பு எஃகு. குரோமியம் தாராளமாகச் சேர்ந்தால் துருப்பிடிக்காத எவர்சில்வர். அதிலும் கிளைகள் உண்டு. நிக்கல் தாராளமாகச் சேர்ந்த கிளை காந்தத்தைத் திரும்பிப் பார்க்காது. நிக்கல் இல்லாத கிளை காந்தத்தைக் கண்டவுடன் கட்டிக்கொள்ளும். இந்த வம்சாவளியை அவர் சொல்லத் தொடங்கினால் பேருந்து போய்விடும் என்பது ஊரறிந்த செய்தி.

எந்தத் துண்டு வந்தாலும் முதலில் சாணைக்கல்லில் ஓர் உரசு. பறக்கிற பொறியைப் பார்த்துச் சாதகம் கணிப்பார். வைக்கோல் போல நீளமாக, அமைதியாகப் பறந்தால் கரி குறைவு. மத்தாப்பு மாதிரி வெடித்துக் கிளை பிரிந்தால் கரி அதிகம். குட்டையாகச் சிவந்து அடங்கினால் எவர்சில்வர் வகையறா.

மண்டபத்தூர் காத்தமுத்து ஒருநாள் விஞ்சு அச்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "அக்கா, இத கல்லு மாதிரி கெட்டியாக்கிக் குடுங்க. அடிக்கடி வளைஞ்சிருது."

"கல்லு மாதிரி ஆக்கினா கல்லு மாதிரியே உடையும். நடுக்கடல்ல உடைஞ்சா யாரு வர்றது? நானா?"

"அப்ப என்னதாங்க செய்றது?"

"செவக்க செவக்கச் சுட்டு எண்ணெயில முக்குவேன். கெட்டியாயிரும். ஆனா அது கோவக்காரக் கெட்டி, ஒரு தட்டு தாங்காது. மறுபடியும் மெதுவா சூடு காட்டி உக்கார வச்சாத்தான் நிதானம் வரும்."

காத்தமுத்து உலைக்குள் எட்டிப் பார்த்தார். "எம் மச்சானையும் ஒருவாட்டி உள்ள வச்சு எடுத்தா என்னங்க?"

"கரி இருக்கணுமே. இல்லாத ஆள எவ்வளவு சுட்டும் பிரயோசனம் இல்ல. எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு, பாருங்களேன்."

அந்த ஒருத்தர் கணவர் ராஜ்மோகன். மின்துறை அலுவலகத்தில் வேலை. சாயங்காலங்களில் தொழிற்கூடத்து வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். "இவரு லோ கார்பன். எத்தனை சூடேத்தினாலும் கெட்டியாவ மாட்டாரு. வளைச்சா உடையவும் மாட்டாரு, அது ஒரு சௌகரியம்" என்று வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார் உமாமகேஸ்வரி. ராஜ்மோகன் தாளை இறக்காமலே, "வெல்டிங்குக்கு நாந்தான் நல்லா ஒட்டுவேன். அதையும் சொல்லு" என்பார்.

இவ்வளவு அறிவைத் தனியாக வைத்துக்கொண்டிருப்பது பாவம் என்று ஒரு நவராத்திரியில் உமாமகேஸ்வரிக்குத் தோன்றியது. கொலுவுக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்துடன் பொத்தான் அளவில் ஆளுக்கொரு காந்தமும் வைத்துக் கொடுத்தார். "கடையில பாத்திரம் வாங்குறப்ப வச்சுப் பாருங்க. ஒட்டினா மட்டம், ஒட்டலைன்னா அசல்" என்று உபதேசமும் செய்தார். அதன் விளைவாகக் காரைக்கால் பாத்திரக் கடைகளில் பெண்கள் நுழைந்தாலே கடைக்காரர்கள் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். பாரதியார் வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பஹீமா, "அக்கா, நீங்க காந்தம் குடுத்த நாள்லேர்ந்து என் கடையில யாரும் விலையே கேக்குறதில்ல. முந்தானை முடிச்ச அவுக்குறாங்க, டக்குன்னு வைக்கிறாங்க, போயிடுறாங்க" என்று புகார் சொன்னார். உமாமகேஸ்வரி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அண்ணன் சிவராமனின் மகள் சுகிர்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, சீர்ப் பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இயல்பாகவே அத்தையிடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை அவர்கள் சந்தித்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததால், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது தெளிவாகவே தெரிந்தது. உமாமகேஸ்வரி பஹீமா கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து, தட்டி, தடவி, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உள்ள அசல் வகையாகப் பார்த்து எடுத்தார். குடத்தின் தோளில் 'சுகிர்தா' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டச் சொன்னார். "எங்கண்ணன் பொண்ணுக்குக் காந்தம் ஒட்டாத சீருங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார். அங்கேதான் சனி வந்து உட்கார்ந்தது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, அண்டா, தவலை, குடம், தூக்கு, தாம்பாளம் என்று சீரை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்காவான கமலாம்பாள் பார்வையிட வந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் பார்த்துத் தலையசைத்தால்தான் புடவை புடவையாகும், சாம்பார் சாம்பாராகும். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது உள்ளிருந்து வந்தது, உமாமகேஸ்வரி நவராத்திரிக்குக் கொடுத்த அதே காந்தம்தான்.

தாம்பாளத்தில் வைத்தார், விழுந்தது. அண்டாவில் வைத்தார், விழுந்தது. உமாமகேஸ்வரி கைகளைக் கட்டிக்கொண்டு, சொந்த ஆராதனையைத் தாமே பார்க்கும் தெய்வத்தின் முகத்தோடு நின்றிருந்தார். கமலாம்பாள் குடத்துக்கு வந்தார். வயிற்றில் வைத்தார், விழுந்தது. கழுத்தில் வைத்தார்.

ஒட்டிக்கொண்டது.

காந்தத்தை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் ஒட்டியது. அந்த நேரம் பார்த்து நாகசுரக்காரர்கள் காபி குடிக்கப் போயிருந்ததால், மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் 'டக்'கென்ற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

"புடிக்குதே" என்றார் கமலாம்பாள். "ஏம்மா உமா, ஒட்டினா மட்டம்னு நீதானே சொன்னே?"

சிவராமனின் முகம் சுண்டிப்போயிற்று. "கடையில ஏதோ மாத்தி வச்சிருப்பாங்கம்மா. நான் இப்பவே போயி வேற குடம் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று வண்டிச் சாவியைத் தேடினார்.

"வேணாங்க, இதெல்லாம் நாங்க பெருசு பண்ண மாட்டோம்" என்றார் கமலாம்பாள். பெருசு பண்ண மாட்டோம் என்று சொல்லும் சம்பந்திகள் எவ்வளவு பெரிதாகப் பண்ணுவார்கள் என்பது கல்யாணம் ஆன எல்லோருக்கும் தெரியும். மணப்பெண் அறையின் கதவிடுக்கில் நின்ற சுகிர்தாவுக்கும் தெரிந்திருந்தது. அவள் அத்தையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் பெண், எளிதில் கலங்குபவள் அல்ல. இப்போது கண் மை கரைந்திருந்தது.

"அத்தை, நீங்க பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அந்தக் குடத்துல தினம் தண்ணி புடிக்கப் போறவ நான். சாவுற வரைக்கும் நான் காந்தம் ஒட்டுன குடத்துக்காரிதான்."

"குடம் அசல்டி."

"அப்ப ஏன் ஒட்டுது?"

உமாமகேஸ்வரி கதவிடுக்கு வழியே குடத்தைப் பார்த்தார். பதில் அவருக்குத் தெரியும். நவராத்திரி அன்றும் தெரியும். தாம் எப்போதும் டவராவின் அடியில், தகடு நசுங்காத இடத்தில் மட்டும் காந்தத்தை வைப்பது எதற்காக என்பதும் தெரியும். சுண்டல் ஆறிவிடுமே என்றுதான் அன்று உபதேசத்தைச் சுருக்கினார். சுருங்கிய உபதேசம் இப்போது அண்ணன் மகளின் கழுத்தைப் பிடித்திருந்தது. ஊர் முழுக்க முந்தானைகளில் முடிந்து வைத்திருக்கும் தம் வாக்கும் அந்தக் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வந்து குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். "அண்ணே, சாவியை உள்ள வைங்க. வேற குடம் வாங்கினா அதோட கழுத்தும் ஒட்டும். சம்மந்தியம்மா, நான் சொன்னது நெசம். ஆனா பாதிதான் சொன்னேன். மீதியக் கேக்காம நீங்க சுண்டலை வாங்கிட்டுப் போயிட்டீங்க."

"மீதி என்னவாம்?"

"சமையக்கட்டுக்கு வாங்க."

கமலாம்பாள் போனார். அவர் போனதால் மாப்பிள்ளை வீடு போனது. மாப்பிள்ளை வீடு போனதால் பெண் வீடும் போனது. ஏதோ தமக்குத் தெரியாத சடங்கு என்று நினைத்து வீடியோக்காரர் விளக்கோடு பின்னால் ஓடினார். சமையல்காரர் சிலம்பரசன் பெரிய கேஸ் அடுப்பில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். அந்த அடுப்பு பற்றவைத்தால் விமானம் கிளம்புகிற மாதிரி இரையும்.

"பாயசத்தை எறக்குங்க தம்பி" என்றார் உமாமகேஸ்வரி.

"அக்கா, முந்திரி இன்னும் போடலைங்க."

"முந்திரி காத்திருக்கும். மானம் காத்திருக்காது."

சிலம்பரசன் இறக்கினார். ஆனால் குடத்தைப் பார்த்ததும் அவருக்குக் கவலை வந்துவிட்டது. "வெறுங்குடத்த அடுப்புல வைக்கிறதாங்க? அபசகுனம்னு எதாவது சொல்லப் போறாங்க."

"அபசகுனம் ஏற்கெனவே கழுத்துல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளிலும் இடுக்கிகளைப் பிடித்து, குடத்தைத் தலைகீழாகத் தூக்கிக் கழுத்தைச் சுவாலைக்குள் இறக்கினார். மெதுவாகச் சுற்றினார். எவர்சில்வர் முதலில் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பிறகு கத்தரிப்பூ நிறம். பிறகு மயில் கழுத்து நீலம். கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "அய்ய, இந்தக் கலர்லயே நிறுத்திடுங்களேன், நல்லாருக்கு" என்றாள். உமாமகேஸ்வரி நிறுத்தவில்லை. கழுத்து மங்கலாகச் சிவந்தது. கோவைப்பழமாகச் சிவந்தது. பிறகு ஆரஞ்சாகக் கனன்றது. தேர்தல் முடிவு அறிவிக்கும் அதிகாரியின் குரலில் அவர் பேசிக்கொண்டே சுற்றினார்.

"குடத்துக்குக் கழுத்து எப்படி வரும்? தட்டையான தகட்ட அமுக்கி, இழுத்து, நெரிச்சுத்தான் வரும். வயித்துப் பக்கம் அவ்வளவு நெரிசல் இல்ல. கழுத்துலதான் நெரிசல் ஜாஸ்தி. நெரிபட்ட எடத்துல எவர்சில்வர் உள்ளுக்குள்ள கொஞ்சம் கொணம் மாறிப்போவும். அங்க மட்டும் காந்தம் புடிக்கும். அசல் சரக்குலயும் புடிக்கும். இப்படி செவக்கச் சுட்டா, பட்டதையெல்லாம் மறந்துட்டு பழைய கொணத்துக்கு வந்துரும்."

"மருமவளுங்களுக்கும் இப்படி எதாவது உண்டா?" என்று ராஜ்மோகன் பின்னாலிருந்து கேட்டார். யாரும் சிரிக்கத் துணியவில்லை. கமலாம்பாளின் மருமகள் மட்டும் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.

தண்ணீர் அண்டாவில் கழுத்தை முக்கியதும் சமையற்கட்டு முழுக்க ஆவி அடித்தது. ஆவி விலகியபோது குடத்தின் கழுத்து கன்னங்கரேலென்று இருந்தது. அதற்குக் கீழே, பெயர் வெட்டிய தோளில், நீலமும் கத்தரியும் பொன்னும் வளையம் வளையமாகப் படர்ந்திருந்தன. உமாமகேஸ்வரி கழுத்தைத் துணியால் துடைத்துக் கமலாம்பாளிடம் நீட்டினார். "உங்க காந்தம். உங்க கை. வைங்க."

கமலாம்பாள் வைத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. எடுத்துத் துடைத்து வேறு பக்கம் வைத்தார். விழுந்தது. விளிம்பில் வைத்தார். விழுந்தது.

ஆனால் கமலாம்பாள் அவ்வளவு சுலபமாகச் சாய்கிறவர் அல்ல. "காந்தம் கெட்டுப்போயிருக்கும்" என்றார். பக்கத்தில் கிடந்த இரும்புச் சட்டுவத்தில் வைத்துப் பார்த்தார். கழற்றுவதே பெரும்பாடாக இருந்தது. ஒருவழியாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "சரி, எந்த இரும்பையும் இப்படிச் சுட்டு முக்கினா ஒட்டாமப் போயிடும் போல இருக்கு. இதுல என்ன பெரிய அசலு?"

உமாமகேஸ்வரியின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடங்களாக ஒருவர்கூட அவரிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை. எல்லோரும் கேட்டது எப்போது சுட்டுத் தருவீர்கள் என்பதுதான். "இது கேள்வி" என்றார் மனமார. "சட்டுவத்தைக் குடுங்க."

"அக்கா, எனக்கு இருக்கறது ஒரே சட்டுவங்க" என்றார் சிலம்பரசன். அதற்குள் சட்டுவம் சுவாலையில் இருந்தது. அதே ஆரஞ்சு நிறம் வரும்வரை காத்திருந்து, அதே தண்ணீரில் முக்கி, அதே கமலாம்பாளிடம் நீட்டினார். காந்தம் இரண்டு விரல் தூரத்திலிருந்தே கையிலிருந்து தாவிப்போய் ஒட்டிக்கொண்டது. கமலாம்பாள் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"சாதா இரும்பை எவ்வளவு சுட்டு ஆறவச்சாலும் காந்தத்தை விடாது" என்றார் உமாமகேஸ்வரி. "சுட்டதும் விட்டுச்சு பாருங்க, அதான் அசல் நிக்கல் குடும்பம். எங்க பொண்ணு குடம்."

கமலாம்பாள் குடத்தைக் கையில் வாங்கி, கறுத்த கழுத்தை விரலால் சுண்டினார். கணீரென்று கேட்டது. கூட்டம் அவர் வாயையே பார்த்தது. "நல்ல குடம்தான்" என்றார் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே, "எங்க வீட்டுலயும் என் கல்யாணத்துக்கு வந்த குடம் ஒண்ணு கெடக்கு. கழுத்துல ஒட்டுதுன்னு நவராத்திரியிலேர்ந்து அத பரண்ல போட்டு வச்சிருக்கேன். நாளன்னிக்கு கொண்டாறேன், சுட்டுப் பாத்துச் சொல்லு."

"சுட்டா கறுத்துரும், சம்மந்தியம்மா."

"கறுக்கட்டுமே. மட்டம்னு பேரு எடுத்துட்டு மினுக்குறதுக்கு இது மேல்."

காபி முடிந்து வந்த தவுல்காரருக்கு நடந்தது எதுவும் தெரியாது. கூட்டம் சமையற்கட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று நினைத்து வெளுத்துக் கட்டினார். யாரும் அவரைத் திருத்தவில்லை. உமாமகேஸ்வரி அந்த வாத்திய முழக்கத்தோடு, நெற்றியில் கரியோடு, மண்டபத்தை நடுவே கடந்து போனார். சுகிர்தா கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் மை தீட்டியிருந்தாள். "அத்தை, முந்திரி போட்டாச்சான்னு கேளுங்க" என்றாள்.

மறுநாள் தாலி ஏறி, பந்தி முடிந்து, சீர் ஏற்ற டெம்போ வாசலுக்கு வந்தது. அதற்குள் கழுத்து கறுத்த குடத்தைப் பற்றி ஒரு கட்சியே உருவாகிவிட்டிருந்தது. கறுத்தால்தான் அசல் என்று இரண்டு பெண்கள் பந்தியில் பேசிக்கொண்டதாக ராஜ்மோகன் வந்து சொன்னார். அதுவும் பாதிதான் என்று உமாமகேஸ்வரி சொல்லியிருக்க வேண்டும். வெற்றிலை மென்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

சிவராமனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பளபளவென்ற அண்டாவையும் தவலையையும் முன்னால் ஏற்றச் சொல்லிவிட்டு, குடத்தைத் துணியில் சுற்றி, பாய்களுக்கு அடியில் தள்ளினார். "புளி போட்டுத் தேச்சா பாதியாவது போவும்ல, உமா?" என்று கேட்டார்.

உமாமகேஸ்வரி டெம்போவின் பின்பக்கம் ஏறினார். பாய்களைத் தூக்கி, துணியை உருவி, குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். டிரைவர் பக்கத்து இருக்கையில் இருந்த மாமா ஒருவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தாம் ஏறி உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி புறப்பட்டது. பஹீமாவின் கடை இருக்கும் பாரதியார் வீதி வளைவு வந்ததும் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, பெயர் வெட்டிய, நிறம் அதிகம் படர்ந்த பக்கம் தெருவைப் பார்க்கும்படி குடத்தைத் திருப்பி வைத்தார்.